ஐந்து குழல், ஐந்து எண்ணிக்கை

பாஸ்க் நாட்டுப்புற இசையில் 'சிஸ்து' என்று ஒரு சின்னக் குழல் உண்டு. மூன்றே துளை. இடது கை ஒன்றே அதற்குப் போதும். அதே கையில் குட்டி மேளம் ஒன்று தொங்கும். வலது கை அதைத் தட்டும். ஆக, மெட்டுக்கும் தாளத்துக்கும் ஒரே ஆள். நம்ம ஊர் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒரே உடம்புக்குள் புகுந்துகொண்ட மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த இசையை விண்ட் குவின்டெட்டுக்கு மாற்றி எழுதி வாசிக்கிறார்கள். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன் என்று ஐந்து கருவிகள். மேளமே கிடையாது! அப்போ தாளத்துக்கு என்ன வழி? நான் இருக்கும் பாய்சியில் (அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம்) போன மாதம் அப்படி ஒரு கச்சேரி கேட்டேன். பசூன் கீழ்ச் சுரங்களைக் குட்டி குட்டியாக வெட்டி வாசித்து மேளத்தை ஈடுகட்டியது. சிஸ்துவின் மெட்டு புல்லாங்குழலுக்குப் போனது. எனக்குப் பிடித்தது கிளாரினெட்தான். பாஸ்க் மக்களிடம் 'அல்போகா' என்று இன்னொரு வாத்தியம் இருக்கிறது. இரட்டைக் குழல், இரண்டு முனையிலும் கொம்பு, மூச்சை விடாமல் சுழற்றி ஊத வேண்டும். அதற்கும் கிளாரினெட்டுக்கும் ஒற்றை நாணல்தான். அந்தக் கரகரப்பு கிளாரினெட்டில் வந்தபோது தூரத்துச் சொந்தக்காரர் குரல் கேட்டதுபோல இருந்தது.

விஷயம் தாளத்தில் இருக்கிறது. 'சொர்ட்சிகோ' என்பது அவர்களுடைய தனித் தாளம். பெயரில் எட்டு இருக்கிறது, எண்ணினால் ஐந்து! இபர்ராகிரே 1853-இல் மாட்ரிட்டில் பாடிய 'கெர்னிகாகோ அர்போலா'வும் இதே தாளம்தான். நம்ம கண்ட சாப்பும் ஐந்து: தக தகிட, 2+3. சொர்ட்சிகோவை 1+2+2 என்று பிரிப்பார்கள். அந்த இரண்டுகளிலும் முதல் சுரம் கொஞ்சம் நீளும், அடுத்தது சுருங்கும். அந்த நொண்டல் இல்லையென்றால் அது சொர்ட்சிகோவே இல்லை. குழு ஒரு பாட்டில் அதை வழவழவென்று சமமாக வாசித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் ஆபீஸ் நண்பர் முகம் சுளித்தார். முழங்காலில் சரியான கணக்கைத் தட்டிக் காட்டினார். அவருடைய தாத்தா ஆடு மேய்க்க இங்கே வந்தவர். நண்பருக்கு பாஸ்க் மொழியில் நாலு வார்த்தை தெரிந்தால் அதிகம். ஆனால் சின்ன வயதில் நடனம் ஆடியிருக்கிறார், கால் மறக்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. என் பெண் ஆறாவது படிக்கிறாள், ஸ்கூல் பேண்டில் கிளாரினெட். ஞாயிற்றுக்கிழமை பாட்டு கிளாஸை நிறுத்திடலாம்ப்பா என்று மூன்று மாதமாகச் சொல்கிறாள். நம்மில் பல வீடுகளில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், தெரியும். கிளாரினெட் வெள்ளைக்கார வாத்தியம், பாட்டு நம்ம சொத்து என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஏ.கே.சி. நடராஜன் அதே கிளாரினெட்டில்தான் கர்நாடக சங்கீதம் வாசித்தார். கமகத்தைக் கேட்டால் நாதஸ்வரமோ என்று சந்தேகம் வரும். அவர் பதிவு ஒன்றைப் போட்டேன். அவள் முதலில் கேட்டது, "எந்த விரலால இப்படி வழுக்குறார்?"

பாட்டு கிளாஸை நிறுத்துவதா வேண்டாமா என்று நானும் மனைவியும் இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் பேண்டில் புல்லாங்குழல் வாசிக்கும் பையன் ஒருத்தன், பசூன் தூக்கவே கஷ்டப்படும் ஒரு பெண், இரண்டு பேரும் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கண்ட சாப்பில் நாலு வரி மெட்டு ஒன்றை நொட்டேஷன் சாஃப்ட்வேரில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பசூனுக்கு 'தக தகிட' மட்டும்தான். ஓபோவுக்கும் ஹார்னுக்கும் ஆள் தேட வேண்டும்.