சுவரும் உட்கூரையும் சந்திக்கும் இடம்

வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியோர் சொல்லி வைத்தனர். கட்டிய வீட்டில் இருந்து பார் என்றும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். குடிபுகுந்து சில மாரிகள் கழிந்த பின்னரே வீட்டின் குறைகள் ஒவ்வொன்றாகக் கண்ணிற் படுகின்றன. அவற்றுள் ஒன்று, சுவரின் உச்சிக்கும் உட்கூரைக்கும் இடையே தோன்றும் இடைவெளி. அதன் வழியே கூரைத் தூசி விழும். பூச்சிகள் வந்து போகும். எத்துணை நன்றாக வர்ணம் பூசினும் அறை நிறைவு பெறாது.

இக்குறையை மறைக்கவே, வளைவுகள் செதுக்கிய மரச்சட்டம் ஒன்றைச் சுவரின் உச்சி நெடுகப் பொருத்துகின்றனர். கார்னிஸ் என்றும் பீடிங் என்றும் அதனைச் சொல்லுவர். பெயர் அந்நியமாயினும் பொருள் நமக்குப் புதியதன்று. நமது கோயில்களிற் சுவர் முடியுமிடத்தில் வளைந்து கவிழ்ந்து நிற்கும் கொடுங்கையைக் காணாதார் யார்? ஆவுடையார்கோயிற் கொடுங்கை சிற்பிகளே வியக்கும் வேலையெனப் பெயர் பெற்றது. கொடுங்கை வெளியே நின்று மழைநீர் சுவரில் வடியாது காக்கிறது. இச்சட்டம் உள்ளே நின்று இடைவெளியை மூடுகிறது.

அண்மையில் குச்சவெளியிலுள்ள எமது தமக்கையார் வீட்டிற் சில நாட்கள் தங்கினோம். அவ்வீட்டின் முன்னறை பழையது. அதன் ஒருபக்கச் சுவரும் பின்னறைகளும் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் எழுந்தவை. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு, புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை கடந்தபோது கூரை தப்பிற்று; ஆனால் முன்னறை உட்கூரை சுவரை விட்டு அரை அங்குலம் விலகிற்று. இப்போது மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வருமுன் அவ்விடைவெளியை அடைத்துவிட வேண்டுமென்பது தமக்கையாரின் விருப்பம். கூலிக்கு ஆள் வைக்கக் கையிற் பணம் போதவில்லை. ஆகவே அத்தான் தாமே அவ்வேலையை மேற்கொண்டார்.

துளைக்கருவியுடன் ஏணியில் ஏறி, சட்டத்தை உட்கூரைத் தகட்டோடு சேர்த்துத் துளைக்க முற்பட்டவரை அயல்வீட்டு ஓடாவியார் ஓடிவந்து தடுத்தார். “தம்பி, இறங்கும்! அது அஸ்பெஸ்டஸ் தகடு. பிள்ளைகள் நிற்கிற அறைக்குள்ளே அதைத் துளைக்கிறதோ?” என்றார்.

நேயர்களே, இதனை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். நம் நாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில் அஸ்பெஸ்டஸ் தகடுகள் உண்டு. நல்ல நிலையில் அசையாதிருக்கும் தகட்டினால் ஆபத்துக் குறைவு. துளைத்தாலோ, அறுத்தாலோ, உரைத்தாலோ கண்ணுக்குப் புலனாகாத நார்த்தூசி எழும். அது நுரையீரலிற் தங்கிப் பல ஆண்டுகள் கழிந்தபின் புற்றுநோயை விளைக்க வல்லது. உங்கள் உட்கூரை எப்பொருளால் ஆனது என்பது ஐயமாயின் அதனைத் தீண்டாதிருப்பதே அறிவுடைமை.

அவ்வாறாயின் சட்டத்தை எங்கே பொருத்துவது? சுவரில் மாத்திரமே பொருத்தலாம் என்றார் ஓடாவியார். முக்கோணமாக அறுத்த மரத்துண்டுகளை 2 அடிக்கு ஒன்றாகச் சுவரின் உச்சியில் திருகாணியால் இறுக்கி, அவற்றின்மேற் சட்டத்தைப் பொருத்த வேண்டும். இதில் வேறொரு நன்மையும் உண்டு. கைமரத்திலிருந்து தொங்கும் உட்கூரை காற்றுக்கும் வெயிலுக்கும் சிறிது அசையும், சுவர் அசையாது. இரண்டிலும் சேர்த்து அறைந்த சட்டம் நாளடைவில் வெடிக்கும். உப்புக்காற்று வீசும் இக்கரையில் இரும்பாணி விரைவில் துருவேறி வர்ணத்தின்மேற் கறையாக வெளிப்படும். ஆதலாற் பித்தளைத் திருகாணியே ஏற்றது. சட்டத்தின் முதுகுப்புறத்துக்கும் முன்னதாகவே ஒருமுறை வர்ணம் பூசிவிடின் ஈரத்தில் நெளியாது.

அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். நடுவில் ஒட்டு வராதிருக்க ஒவ்வொரு சுவருக்கும் ஓரடி கூடுதலாகச் சட்டம் வாங்கியிருந்தனர். அத்தான் 45 பாகையில் வாள் ஓடும் பள்ளமுள்ள மரப்பெட்டியில் இரு சட்டங்களின் முனைகளையும் வெட்டி மூலையிற் சேர்த்துப் பார்த்தார். ஒரு விரல் நுழையும் வெளி தெரிந்தது. மீண்டும் வெட்டினார், வெளி குறையவில்லை, சட்டந்தான் குறைந்தது.

பழைய சுவரும் புதிய சுவரும் கூடிய அம்மூலையில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தோம். அது 90 பாகையாக இருக்கவில்லை. “பெட்டி சொல்லுறதைக் கேளாதையும் தம்பி, சுவர் சொல்லுறதைக் கேளும்” என்று கூறி ஓடாவியார் வேறு முறை காட்டினார்.

எதிரெதிரான இரு நீளச் சுவர்களின் சட்டங்களை முனை நேராக வெட்டிச் சுவரோடு முட்டவிட வேண்டும். மற்றை இரண்டின் முனைகளை மாத்திரம் 45 பாகையில் வெட்ட வேண்டும். வெட்டும்போது சட்டத்தைத் தலைகீழாக, உட்கூரையைத் தொடும் விளிம்பு பெட்டியின் அடியிற் படும்படி வைத்தல் அவசியம். வெட்டிய முகத்தின் ஓரத்திற் சட்டத்தின் வளைவுகள் கோடாகத் தெரியும். மெல்லிய அலகுள்ள வாளால் அக்கோட்டின் வழியே, பின்புறம் சற்று உட்சரிய அறுத்தெடுத்தால், அம்முனை முதற் சட்டத்தின் முகத்தில் அப்படியே கவிந்து படியும். மூலை எப்பாகையில் இருப்பினும் பெரும்பாலும் பொருந்தும். சிறு குறையை அரத்தினாற் சரிசெய்யலாம். முதலில் ஓரடித் துண்டு இரண்டில் பழகிக் கொண்டால் நல்ல மரம் வீணாகாது.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் பட்டி வைத்து வெள்ளை வர்ணம் பூசினர். கெட்டுப்போன சட்டத்துண்டுகளிற் தமக்கையார் சுவாமிப் படங்களுக்கு ஒரு தட்டு அமைத்துக் கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தனர், தேநீர் அருந்தினர், நெடுநேரம் பேசியிருந்தனர். ஒருவரேனும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. “அந்த வெளி இருந்திருந்தால் எல்லாரும் பார்த்திருப்பினம்” என்றார் தமக்கையார். அதுவும் மெய்தான்.

வீட்டு வேலையைத் தாமே செய்ய விரும்புவோர்க்கு நாம் சொல்லக் கூடியது இதுவே: முதலில் எதனைத் தொடக்கூடாது என்று அறிந்து கொள்ளுங்கள்; பின்னர் உங்கள் சுவரை அளந்து பாருங்கள்; அதன் பின்னரே வாளை எடுங்கள்.