இன்றைக்கே எடுத்துவிடலாமா?
சிறுநீர்க் குழாய் லேட்டக்ஸா, சிலிக்கோனா, வெள்ளி பூசியதா என்று விசாரித்துத் தவிக்கிறோம். லேட்டக்ஸ் ஒவ்வாதவர்களுக்குச் சிலிக்கோன் அவசியம்தான். ஆனால், பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 7,000 நோயாளிகளிடம் நடந்து, 2012இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், சில நாட்களுக்குப் போடும் குழாய்களில் வெள்ளிப் பூச்சு தொற்றைக் குறைக்கவில்லை. எந்தப் பொருளானாலும் பாக்டீரியாக்கள் அதன்மேல் வழவழப்பான படலம் கட்டிக் குடியேறிவிடுகின்றன. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் எளிதில் வேலை செய்யாது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். எழுந்து நடக்கும் அப்பாவுக்கும், ராத்திரியில் எழுப்ப வேண்டாமே என்று குழாயை விட்டுவைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் கேளுங்கள்: இன்றைக்கே எடுத்துவிடலாமா?