மூலிகை என்று அச்சடித்தால் போதுமா?

ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன வேப்பூருக்கும் இன்று உடல் எடை குறைக்கும் மாத்திரை கூரியரில் வந்துவிடுகிறது. மருந்துச்சீட்டு தேவையில்லை, கைப்பேசியில் பணம் கட்டினால் போதும். டப்பாவின் முன்பக்கம் பச்சை இலைப் படமும் ‘மூலிகை, பக்கவிளைவு இல்லை’ என்ற உறுதிமொழியும் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் காஃபின், கிரீன் டீ சாறு, குடம்புளிச் சாறு, கசப்பு ஆரஞ்சுச் சாறு என்று போட்டிருப்பார்கள். சிலவற்றில் எது எத்தனை மில்லிகிராம் என்ற விவரமே இருக்காது. அந்த அளவைச் சொல்லாத டப்பாவை விற்கவே விடக் கூடாது.

மூலிகை என்பதாலேயே பக்கவிளைவு இல்லாமல் போய்விடாது என்பதற்கு எபெட்ரா ஓர் உதாரணம். அது சீன மருத்துவத்தில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிய செடி. அதிலுள்ள எபெட்ரின் பசியை மட்டுப்படுத்தும். கூடவே இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அமெரிக்காவில் அதைக் காஃபினோடு சேர்த்து எடை குறைப்பு மாத்திரையாக விற்றார்கள். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் என்று புகார்கள் குவிந்தன. 2003-ல் 23 வயது பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் இறந்த பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 2004-ல் தடை வந்தது. வியாபாரம் நின்றதா என்றால், இல்லை. செடிதான் மாறியது. எபெட்ராவின் இடத்துக்குக் கசப்பு ஆரஞ்சு வந்தது. அதிலுள்ள சைனெஃப்ரின் எபெட்ரினை ஒத்த பொருள். எபெட்ராவை வைத்து விற்றுவந்த ‘ஹைட்ராக்ஸிகட்’ குடம்புளிச் சாற்றுக்கு மாறியது. ஒரு மரணம் உட்பட 23 கல்லீரல் பாதிப்புப் புகார்கள் வந்தபின், 2009-ல் அதையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது.

குடம்புளி நம் ஊர்ச் சரக்குதானே, மீன் குழம்பில் காலங்காலமாகப் போடுகிறோமே என்று கேட்கலாம். குழம்பில் விழுவது இரண்டு மூன்று சுளை. மாத்திரையிலோ அதன் அமிலத்தை மட்டும் பிரித்துச் செறிவாக்கி, நாள்தோறும் வேளை தவறாமல் விழுங்கச் சொல்கிறார்கள். பலனாவது உண்டா? 1998-ல் 135 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில் குடம்புளி மாத்திரை எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ குறைந்தார்கள். கிரீன் டீயும் அப்படித்தான். கோப்பையில் குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதன் கேட்டகின் சத்தைச் சாறாக்கி நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

ஆங்கில மருந்துக்கும் பக்கவிளைவு உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அதில் அளவு அச்சிட்டிருக்கும். எழுதிக் கொடுக்கும் மருத்துவர் ரத்த அழுத்தம் பார்ப்பார், வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிப்பார். இங்கே கேட்பதற்கு ஆளே இல்லை.

உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ‘உணவுப் பொருள்’ என்ற பெயரில் வருவதால் இவை அதற்குள் சிக்குவதில்லை. ஆனாலும் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதிகாரிகள் அதைப் பயன்படுத்த வேண்டும். இப்படியொரு டப்பா உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் பிரிக்காதீர்கள்; முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகாராக அனுப்புங்கள்.