பிரேக் பேட் எத்தனை கிலோமீட்டர் வரும்?

போன வாரம் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மதியம் போன் வந்தது. "சார், வண்டி 40 ஆயிரம் ஓடிருச்சு. முன்பக்கம் பிரேக் பேட், டிஸ்க் ரெண்டுமே மாத்திரணும்."

"பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

அப்படியானால் பார்க்காமலேதான் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்!

நேரில் போய்ச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் மில்லிமீட்டர் சொல்லிக்கொடுத்தவன். ஸ்கேல் இல்லாமல் போவேனா? வெளிப்பக்கப் பேடு 6 மி.மீ., உட்பக்கம் 5. புதுசில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும். 3க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். பின்னால் உள்ள இரும்புத் தகட்டை இதில் சேர்க்கக் கூடாது. டிஸ்க்குக்கும் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பெரும்பாலும் அதிலேயே பொறித்திருப்பார்கள். அளந்து பார்த்தால் அதுவும் அந்த அளவுக்கு மேலேதான் இருந்தது. ஆழமான கோடு இல்லை, வெடிப்பு இல்லை, பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குவதும் இல்லை. பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?

சென்னையில் இருக்கும் என் மாப்பிள்ளையிடமும் இதே கார்தான். அவருக்கு 25 ஆயிரத்திலேயே பேட் தீர்ந்துவிட்டது. அவர் மோசமாக ஓட்டுகிறார் என்று சொல்ல வரவில்லை (மகள் இதைப் படிப்பாள்). தினமும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற வண்டி அது. நான் சேலத்திலிருந்து தர்மபுரி போய் வந்தால், தொப்பூர் இறக்கத்தையும் டோல்கேட்டையும் விட்டால் பிரேக்கை மிதிப்பதே அபூர்வம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 80இல் வந்து கடைசி நேரத்தில் மிதிப்பவருக்கும், முன்கூட்டியே காலை எடுத்து 40க்குக் குறையவிட்டு மிதிப்பவருக்கும் ஒரே கிலோமீட்டர் கணக்கு எப்படிப் பொருந்தும்?

இதைப் படித்துவிட்டு யாரும் பேட் மாற்றாமல் இருந்துவிடாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் தினமும் ஏற்காடு போய்வருவார். 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது கியரைக் குறைக்கவே மாட்டார், முழுக்க பிரேக்தான். 'கீச்' என்று சத்தம் வந்தபோது மழை ஈரம் என்று இரண்டு மாதம் விட்டுவிட்டார். பேட் தீரப்போகிறது என்று சொல்லத்தான் அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். அது டிஸ்க்கில் உரசிய சத்தம்தான் அது. கடைசியில் இரும்போடு இரும்பு உரசி டிஸ்க் உழுத வயல் மாதிரி ஆகிவிட்டது. பேடோடு போயிருக்க வேண்டிய செலவு டிஸ்க் வரை போனது. அடிவாரம் வந்து சேர்ந்ததே அதிர்ஷ்டம்.

அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் பேட் கனத்தை எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். எண்ணைச் சொல்லாமல் பிரஷர் மாத்திரை எழுதித் தரும் டாக்டரை நாம் சும்மா விடுவோமா? உட்பக்கப் பேடையும் அளக்க வேண்டும். அதுதான் பல வண்டிகளில் முதலில் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இந்த முறை பில்லின் பின்பக்கம் அந்தத் தம்பியையே எழுதவைத்து வாங்கி வந்தேன். வெளி 6, உள் 5, தேதி, கிலோமீட்டர், கையெழுத்து. அடுத்த 10 ஆயிரத்தில் மறுபடி ஸ்கேலோடு போவேன்.