நீலமணியும் செங்கல்லும்

இறைமாட்சியைக் கண்டோர் பொன்னையும் மணியையுமே கண்டனர். ஆகவே பீடத்துக்குப் பொன்முலாம் பூசுவதே பக்தி என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

எசேக்கியேல் கண்டது நீலமணி போன்ற அரியணை (1:26). யோவான் கண்டது மரகதம் போன்ற வானவில் (திவெ 4:3). ‘போன்ற’ என்பதை விட்டு மணியை மட்டும் பற்றிக்கொள்வது முறையா? புதிய எருசலேமில் பொன் இருக்குமிடம் மக்கள் நடக்கும் தெருவன்றோ (திவெ 21:21)!

சீனாயில் இறைவனின் பாதத்தின்கீழ் நீலமணித் தளம் இருந்தது (விப 24:10). அங்குள்ள எபிரேயச் சொல் செங்கல்லையும் நினைவூட்டுவது. எகிப்தில் அடிமைகள் அறுத்த செங்கல்லை இறைவன் மறக்கவில்லை என்பதே பழைய யூத மரபு தந்த விளக்கம்.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தாருக்கு இது விளங்காதா? களிமண் பிசைந்து, சூளை வெப்பம் தாங்கி, பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் கரங்கள் நம்மிடையே உள்ளன. மணல்சத்துக் கலந்த தூசு ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அதை முற்றாகக் குணப்படுத்த மருந்தில்லை.

பீடத்துக்குத் தங்கரேக்கு ஒட்டுமுன், இருமும் தொழிலாளியின் வீட்டுக்குச் செல்வோம். இறைவனின் பாதம் பதிந்த தளம் அங்கேதான் இருக்கிறது.