பி.ஏ. படிக்கும் மகளுக்கு டாக்டர் ஆசை!

ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு கிண்டி தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. மகள் தனியார் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. ஃபிசிசியன் அசிஸ்டென்ட் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிளஸ் டூ முடித்ததும் எழுதிய நீட்டில் மார்க் போதவில்லை என்பதால் சேர்ந்த படிப்பு. இப்போது வார்டில் டாக்டர்களோடு தினமும் நின்று பழகியபின், “நானும் டாக்டராகணும், இதை விட்டுடறேன்” என்கிறாளாம். இதற்கிடையே ஒரு கன்சல்டன்சிக்காரர், “இந்தப் படிப்பை முடித்தால் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டிலேயே நேராகச் சேர்த்துவிடுகிறேன்” என்று முன்பணம் கேட்கிறாராம். வளையலை அடகு வைக்கலாமா என்பது அம்மாவின் கேள்வி.

வளையலைக் கழற்றாதீர்கள் சகோதரி. அப்படி ஒரு வழி நம் நாட்டில் இல்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. டிப்ளமோ முடித்த பையன் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறான். டிப்ளமோ நர்சிங் முடித்தவர்களுக்கும் பட்டம் பெறத் தனிப் படிப்பு இருக்கிறது. அதேபோல மருத்துவத்திலும் இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வாசல் ஒன்றே ஒன்றுதான்: நீட். அதில் எடுக்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. ஃபிசிசியன் அசிஸ்டென்ட் படிப்பில் மகள் தங்கப்பதக்கமே வாங்கினாலும் அந்த வரிசையில் ஒரு மார்க்கூடக் கூடாது. சேர்ந்தால் முதல் ஆண்டிலிருந்து, நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. சலுகை எதுவும் கிடையாது.

சரி, இந்தப் படிப்பைப் பற்றியே பல வீடுகளில் தெளிவில்லை. “பொண்ணு பி.ஏ. படிக்கிறா” என்றால், “வரலாறா, தமிழா?” என்று கேட்கிற சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு! இதன் கதை நம் ஊரோடு சேர்ந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-ல் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரை வைத்து இதைத் தொடங்கினார். இந்தியாவில் முதன்முதலாக 1992-ல் தொடங்கியது சென்னையில்தான், முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில். தொடங்கியவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர் கே.எம்.செரியன். 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தவர் அவர். 2025 ஜனவரியில் காலமானார்.

பைபாஸ் நடக்கும்போது காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துத் தயார் செய்வது முதல், நோயாளியின் வரலாறு கேட்டு கேஸ் ஷீட் எழுதுவது, ரவுண்ட்ஸில் கூடவே வருவது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது வரை இவர்கள் செய்யும் வேலை பெரியது. ஆனால் டாக்டரின் மேற்பார்வையில்தான். தனியாக கிளினிக் வைக்க முடியாது. பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது. இங்கிலாந்தில் இதே பணியில் இருப்பவர்களை நோயாளிகள் டாக்டர் என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள் என்று பெரிய சர்ச்சையே எழுந்தது. ‘அசோசியேட்’ என்ற பெயரை ‘அசிஸ்டென்ட்’ என்று மாற்றும்படி 2025 ஜூலையில் அங்கே ஓர் ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. நம் நாட்டில் 2021-ல் வந்த துணை மருத்துவத் துறையினருக்கான ஆணையச் சட்டம், இந்தப் பணியைத் தனித் தொழிலாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அமெரிக்காவில் மட்டும் ஒரு குறுக்குப் பாதை உண்டு. லேக் ஈரி என்ற ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில், தகுதி பெற்ற அந்த நாட்டு அசிஸ்டென்ட்டுகள் நான்கு ஆண்டு டாக்டர் படிப்பை மூன்றே ஆண்டில் முடிக்கலாம். அங்கே அசிஸ்டென்ட் படிப்பே பட்டப்படிப்புக்குப் பிறகு படிக்கிற முதுநிலைப் படிப்பு. அதைக் காட்டி இங்கே யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள்.

‘வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., இரண்டு வருடம் கழித்துக்கொள்வார்கள்’ என்பதும் அப்படித்தான். 2021-ல் வந்த விதிப்படி, வெளிநாட்டில் படிப்பவர்கள் குறைந்தது 54 மாதப் படிப்பையும், 12 மாதப் பயிற்சியையும் ஒரே கல்லூரியில் முழுமையாக முடிக்க வேண்டும். இங்கே படித்த எதையும் அதில் கழிக்க முடியாது. போவதற்கு முன்பே நீட்டில் தகுதி பெற வேண்டும். திரும்பி வந்தபின் இங்கும் தேர்வு, இங்கும் ஓராண்டு பயிற்சி உண்டு.

இனி நல்ல செய்திக்கு வருவோம். நீட் எழுத இப்போது அதிகபட்ச வயது வரம்பு கிடையாது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. அதனால் கதவு மூடப்போகிறது என்ற பதற்றம் வேண்டாம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். மகளுக்கு 19 வயது என்று வைத்துக்கொள்வோம். இப்போதே விட்டுவிட்டு அடுத்த நீட்டில் இடம் கிடைத்தால் 20 வயதில் சேர்ந்து, 26 வாக்கில் டாக்டர். பயிற்சியோடு பட்டத்தை முடித்துவிட்டு, ஓராண்டு முழுமூச்சாகத் தயாராகிச் சேர்ந்தால் 23-ல் நுழைந்து, 28 அல்லது 29-ல் டாக்டர். வித்தியாசம் ஏறக்குறைய மூன்று ஆண்டு. சின்ன வித்தியாசம் இல்லைதான். ஆனால் நீட்டில் இடம் கிடைக்காவிட்டால்? முதல் வழியில் கையில் இருப்பது பிளஸ் டூ சான்றிதழ் மட்டும். இரண்டாவது வழியில் ஒரு பட்டமும் வேலையும் இருக்கும்.

போட்டியும் லேசானதல்ல. 2025-ல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்களோ 1 லட்சத்துச் சொச்சம். ‘நீட் பாஸ்’ என்பது வேறு, ‘சீட் கிடைத்தது’ என்பது வேறு. அதிலும் அரசுக் கல்லூரி என்றால் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடியும். தனியாரில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் லட்சங்கள். லேத் பட்டறைச் சம்பளத்தில் தாங்குவது எது என்று உங்களுக்கே தெரியும்.

மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தமிழகத்தில் 2020 முதல் இருக்கும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது என்பதைக் கவனியுங்கள்.

என் யோசனை நடுவழிதான். கல்லூரியை விடாமல், வரும் நீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். செலவு விண்ணப்பக் கட்டணம் மட்டும். அதற்கும் முன்பாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை போன வருட வினாத்தாளை எடுத்து, போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். மொத்தம் 180 கேள்விகள், 720 மார்க். உயிரியலுக்கு 360. வார்டு அனுபவத்தால் உயிரியல் ருசியாக இருக்கும். ஆனால் பல பேரைக் கவிழ்ப்பது இயற்பியலும் வேதியியலும்தான். ஒரு வருடமாகத் தொடாத பாடம் எந்த அளவுக்கு நினைவில் இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். தவறான பதிலுக்கு ஒரு மார்க் குறைப்பதையும் மறக்காமல் திருத்துங்கள்.

வந்த மார்க்கை, போன ஆண்டு உங்கள் வகுப்புப் பிரிவில் அரசுக் கல்லூரி கிடைத்த கடைசி மார்க்கோடு ஒப்பிடுங்கள். தமிழக மருத்துவத் தேர்வுக் குழு இணையதளத்தில் ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகிறது. எட்டிவிடும் தூரம் என்றால், ஓராண்டு முழுமூச்சாக இறங்குவதைப் பற்றிக் குடும்பமாகப் பேசுங்கள். விலகினால் அசல் சான்றிதழ்கள் எப்போது கிடைக்கும், மீதிக் கட்டணம் கேட்பார்களா என்பதைக் கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முடிவெடுங்கள். 200, 250 மார்க் இடைவெளி என்றால் முதலில் பட்டம். அதற்குப் பிறகும் ஆசை அப்படியே இருந்தால், வயது வரம்பு இல்லாத தேர்வு அவளுக்காகக் காத்திருக்கும்.

இன்னொன்றையும் மகளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ‘டாக்டராகணும்’ என்பது நோயாளியைத் தானே பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்ற ஆசையா? அல்லது வார்டில் யாரோ ‘நீ வெறும் அசிஸ்டென்ட்தானே’ என்று சொன்ன வலியா? முதலாவது என்றால், ஐந்தரை வருட உழைப்பு அதற்குத் தகும். இரண்டாவது என்றால், அந்த வலிக்கு நீட் மருந்தல்ல. தியேட்டரில் ஓர் உயிர் பிழைக்கும்போது அதில் அவள் கையும் இருக்கிறது என்பதை முதலில் வீட்டில் இருக்கிற நாம் நம்ப வேண்டும். யாராவது ‘பொண்ணு என்ன படிக்கிறா?’ என்று கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் பதில் சொல்லுங்கள்.