சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முன்வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் முறையான மருத்துவமும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இவற்றோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள்: துரைமாரோ அலுவலக ஊழியரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

அரைவயிற்றுக் கூலியும் வசையும் அடியும் இருந்த காலத்தில் சைக்கிளைப் பற்றியா பேசுவது? அவர்கள் பேசினார்கள். அன்றாடம் காலையும் மாலையும் மனத்தைக் கீறும் ஒன்றைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க அவர்கள் தயாராக இல்லை. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன். அந்த ஆண்டு மே மாதம் அவர் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள்.

அதே கோரிக்கைகளில் வேறொன்றும் உண்டு. நாளொன்றுக்கு 10, 12 மணி நேரம் வேலை வாங்குவதை நிறுத்த வேண்டும்.

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் இன்று தெலுக் பங்லிமா காராங்கைக் கடப்பவர்கள் இந்த வரியை நினைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் தொழிற்பேட்டை, சுதந்திர வர்த்தக மண்டலம், கொள்கலன் லாரிகள். இன்னொரு பக்கம் தாமான் வீடுகள். பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவின் செம்பனை. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். காலை ஏழுக்குப் போய் இரவு ஏழுக்கு வெளியே வரும் ஷிப்டு இங்கே யாருக்கும் புதிதல்ல.

சட்டம் மாறாமல் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் வாராந்தர வேலை நேரம் 48-இலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் தொழிலாளியின் கைக்குத் திரும்பி வந்தது என்று பொருள். ஆனால் 1980-ஆம் ஆண்டு விதிமுறை மாதத்துக்கு 104 மணி நேரம் வரை ஓ.டி. செய்ய இடம் கொடுக்கிறது. 26 வேலை நாட்களுக்கு அதைப் பிரித்தால் நாளுக்கு நான்கு மணி. எட்டும் நான்கும் பன்னிரண்டு.

யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, விருப்பப்பட்டுத்தானே செய்கிறார்கள் என்று முதலாளிகள் தரப்பில் சொல்வதுண்டு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சம்பளக்காரருக்கு ஒரு மணி நேர ஓ.டி. 12 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வரும். 104 மணியும் செய்தால் ஏறக்குறைய 1,275 ரிங்கிட். வீட்டுக்கடன், கார்த் தவணை, பிள்ளையின் டியூஷன் எல்லாம் எந்தத் தொகையை நம்பி நிற்கின்றன என்பது இதில் தெரிந்துவிடும். 1,700-ல் குடும்பம் நடத்த முடியாதவரிடம் விருப்பத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

இப்படிப் போகும் நான்கு மணி நேரத்தின் இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. வீட்டில்தான் தெரிகிறது. இரவு ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் கண்ணயரும்போது பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கும் சத்தம். பக்கத்து வீட்டுக்காரரைக் கோபிக்கவும் முடியாது, அவருக்கும் அன்று ஒருநாள்தான் விடுப்பு. திருவிழா நெருங்கும் வேளையில் உருமி மேளக் குழுவில் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள், ஒத்திகை மூன்றாவது முறையாகத் தள்ளிப்போகும். காற்பந்துக்கு ஆள் சேர்ப்பதற்குள் திடலில் இருட்டிவிடும். அடுத்த வார ஷிப்டு அட்டவணை கடைசி நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் வந்து விழும். அத்தையோடு மருத்துவமனைக்குப் போவதாகச் சொன்ன நாள் அதில் அடிபட்டுப் போயிருக்கும். பெண்களுக்கு இதில் இரட்டைச் சுமை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு வந்து அடுப்பையும் பற்றவைக்க வேண்டும். தையலோ கோலமோ படிப்போ, எதில் ஆசை இருந்தாலும் அது பிறகு, பிறகு என்றே நகர்கிறது.

தோட்ட வாழ்க்கையை யாரும் பொற்காலமாக்க வேண்டியதில்லை. லயத்து வீடுகளும் கங்காணிக் கெடுபிடியும் போனது நல்லதுக்குத்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரப்பர்ப் பால் குளிர்ந்த வேளையில்தான் நன்றாக வடியும். அதனால் பிற்காலத்தில், விடியும் முன்னே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்ற பால்மரத் தொழிலாளிக்குப் பிற்பகல் பெரும்பாலும் கையில் இருந்தது. தோட்டத்துத் திடலில் மாலை நேரப் பந்தாட்டமும் கோயில் திருவிழா நாடகங்களும் அந்த மிச்ச நேரத்தில் வளர்ந்தவை. ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்துக்கும் ‘தமிழ் நேசன்’ ஞாயிறு மலருக்கும் எழுதிப் பழகியவர்களில் தோட்டத்து இளைஞர்கள் பலர். மலேசியத் தமிழ் இலக்கியத்தில் ஒரு பகுதி, வேலை முடிந்த பிறகு கிடைத்த அந்தச் சில மணி நேரத்துக்குக் கடன்பட்டது.

இன்று மிஞ்சும் நேரத்தையும் சாலை விழுங்குகிறது. பெருநகர்க் கோலாலம்பூரில் மக்கள் ஆண்டுக்கு 25 கோடி மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் இழக்கிறார்கள் என்று உலக வங்கி 2015-இல் மதிப்பிட்டது. கிள்ளானின் தெற்கே ஜொஹான் செத்தியா வரை வரும் எல்.ஆர்.டி. 3 ரயில் முதல் திட்டப்படி 2020-இல் ஓடியிருக்க வேண்டும். 2025-இலும் திறப்பு நாள் தள்ளிப்போனது. ரயில் ஓடினாலும் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து நிலையம் வரை பஸ் சரியாக அமையாவிட்டால், இங்குள்ளவர்கள் காரையும் மோட்டாரையும் விடப்போவதில்லை.

இந்தத் தொல்லைகளை முணுமுணுப்போடு விட்டுவிடுவதால் நஷ்டம் நமக்கே. பேசினால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்தது. உலகத்துக் குப்பை மலேசியாவுக்குத் திரும்பியது. தெலுக்கை அடுத்த ஜெஞ்சாரோமிலும் சுற்றுவட்டாரத்திலும் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்து, இரவில் கழிவை எரித்தன. அங்குள்ள மக்களுக்கு முதலில் தெரிந்தது நாற்றம் மட்டுமே. படுக்கும் நேரத்தில் வந்து தூக்கத்தைக் கெடுக்கும் நாற்றம், இருமல். ஜன்னலைச் சாத்திக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சிலர் ஒன்றுகூடினார்கள், நாற்றம் வரும் திக்கைத் தேடிப் போனார்கள், ஆலைகளைப் படமெடுத்தார்கள், புகார்மேல் புகார் கொடுத்தார்கள். அமலாக்கத்தினர் வந்து ஆலைகளை மூடினார்கள். 2019 மே மாதம் அப்போதைய அமைச்சர் இயோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் நின்று, கழிவுக் கொள்கலன்கள் வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்படும் என்று அறிவித்தார். ஒரு சிற்றூரின் தூக்கக்கேடு உலகச் செய்தியானது.

வேலை நேர விஷயத்திலும் இப்படி ஒன்றுகூடிக் குரல் கொடுக்கலாம். கருவியும் கையில் இருக்கிறது. 2023-இல் நடப்புக்கு வந்த அதே சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரக் கேட்டு எந்தத் தொழிலாளியும் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் தர வேண்டும். தனியாளாக இதைக் கேட்கப் பலர் அஞ்சுவார்கள், அந்த அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆகவே தொழிற்சங்கங்களும் இந்த வட்டாரத்துத் தமிழ்ச் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் விண்ணப்பத்தை மலாயில் எழுதித் தர ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேசை போட்டு உட்கார வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. மாதம் 104 மணி என்ற 1980-ஆம் ஆண்டு உச்சவரம்பு குறைக்கப்பட வேண்டும், ஓ.டி. இல்லாமலே குடும்பம் நடத்தும் அளவுக்கு அடிப்படைச் சம்பளம் கூட வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைச் செய்தால் தொழிலாளியின் வயிற்றில்தான் அடி விழும். ஷிப்டு அட்டவணையை இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும் என்பதை மனிதவள அமைச்சு விதியாக்க வேண்டும். கோலலங்காட் நகராண்மைக் கழகம் தெலுக்கின் திடல்களில் இரவு பத்து மணி வரை விளக்கெரிய வைத்தால், ஏழு மணிக்கு ஆலையை விட்டு வருகிறவர்கள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.